சர்வரிடம் 'ஊத்து' என்று சொன்ன பையனுக்குப் பெண் கொடுக்கலாமா?

கேள்வி: கொளத்தூர் வாசகி ஒருவர், நவம்பர் 8

மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறோம். பையன் வீடு தண்டையார்பேட்டை, மணலியில் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. போன வாரம் இரண்டு குடும்பமும் பெரம்பூரில் ஒரு ஹோட்டலில் சந்தித்தோம். பையன் சர்வரைப் பார்த்து "தலைவா, இன்னும் கொஞ்சம் சாம்பார் ஊத்து" என்றான். என் அண்ணனுக்கு அங்கேயே முகம் மாறிவிட்டது. சர்வரிடம் மரியாதையாகப் பேசத் தெரியாதவன் நாளைக்குப் பெண்டாட்டியிடம் எப்படிப் பேசுவான், ஒருவன் குணத்தைத் தெரிந்துகொள்ள இது ஒன்று போதும் என்கிறார். மகளுக்குப் பையனைப் பிடித்திருக்கிறது. அண்ணன் சொல்வது சரியா?

நவம்பர் 8, இரவு

சரியில்லை. அண்ணனின் கவலை நியாயமானது, அதற்கு அவர் எடுத்துக்கொண்ட சாட்சி போதாது. வட சென்னையில் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் இந்தப் பேச்சில்தான் வளர்கிறோம். டீக்கடையில் "மாஸ்டர், ஒரு டீ போடு" என்போம், அவரும் "இருமா, போடறேன்" என்பார். அங்கே யாரும் யாரையும் தாழ்த்தவில்லை. எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். உங்கள் அண்ணன் முகம் மாறியது சரி, சர்வர் முகம் எப்படி இருந்தது?

நவம்பர் 9, காலை

கடை திறக்கும் முன் இன்னும் கொஞ்சம் எழுதுகிறேன், நேற்று சுருக்கமாக முடித்துவிட்டேன்.

பழைய வண்ணாரப்பேட்டையில் மருந்துக் கடை வைத்திருக்கிறேன், ஸ்டான்லி ஆஸ்பத்திரியிலிருந்து நடந்து வருகிற தூரம். காலையிலிருந்து இரவு வரை கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு மனிதர்கள் பேசுவதைக் கேட்பதுதான் என் பிழைப்பு. அதனால் இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

ஒருவர் வருவார். சட்டையில் மடிப்புக் கலையாது. "குட் ஈவ்னிங் மேடம், ஒரே ஒரு அட்டைதான்" என்று சிரித்துக்கொண்டே, முன்னால் நிற்கிறவர்களைத் தாண்டிக் கையை நீட்டுவார். பேச்சில் ஒரு குறை சொல்ல முடியாது. அவர் தாண்டி வந்ததில் கைக்குழந்தையோடு நிற்கிற ஒரு பெண்ணும் இருப்பாள். இன்னொருவர் லோடு இறக்குகிற வேலை பார்ப்பவர், "இன்னாமா, எம்மா நேரம்" என்று கத்திக்கொண்டேதான் வருவார், அந்தக் குழந்தையைப் பார்த்ததும் "யம்மா, நீ மொதல்ல வாங்கினு போ" என்று பின்னால் போய் நின்றுகொள்வார். இதை வைத்து, நன்றாகப் பேசுகிறவன் கெட்டவன், கத்துகிறவன் தங்கம் என்று நான் சொல்லவரவில்லை. கத்திக்கொண்டே வரிசையை உடைக்கிறவர்கள் தினமும் வருகிறார்கள். இனிமையாகப் பேசி இனிமையாகவே நடப்பவர்களும் வருகிறார்கள். பேச்சு ஒரு பக்கம் போகிறது, நடத்தை ஒரு பக்கம் போகிறது, சில பேரிடம் இரண்டும் சேர்கிறது. அவ்வளவுதான்.

மருந்துக் கடைக்கென்று தனியாக ஒரு மரியாதை உண்டு. ஒரு சின்னப் பெண் வந்து, கூட்டம் குறையட்டும் என்று ஓரமாக நின்று, கடைசியில் கிட்ட வந்து மெதுவாகக் கேட்பாள். நாப்கினாக இருக்கலாம், கர்ப்பம் பார்க்கிற கிட்டாக இருக்கலாம். அந்த நேரத்தில் பக்கத்தில் நிற்கிற ஆண்களைக் கவனிப்பேன். சட்டென்று முகத்தைத் திருப்பி ரோட்டைப் பார்க்கிறவர் உண்டு. செல்போனை எடுத்து, வராத அழைப்புக்கு "ஹலோ" என்று சொல்லிக்கொண்டு நாலு அடி தள்ளிப் போகிறவர் உண்டு. அவள் முகத்தையும் என் கையிலிருக்கும் பெட்டியையும் மாறி மாறிப் பார்க்கிறவரும் உண்டு. இதில் ஒரு வார்த்தைகூட கிடையாது. அந்தப் பெண்ணுக்கு அவர் யாரென்றே தெரியாது, நன்றி சொல்லவும் போவதில்லை. நான் இதைத்தான் பெரிதாக நினைக்கிறேன்.

நவம்பர் 9, மதியம்

சர்வரை வைத்து ஆளை எடைபோடுவது அண்ணனின் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. அமெரிக்காவில் கம்பெனி முதலாளிகள் மத்தியில் இது ரொம்பப் பிரபலம். உன்னிடம் நன்றாக நடந்துகொண்டு சர்வரிடம் மோசமாக நடந்துகொள்கிறவன் நல்லவன் இல்லை என்பதுதான் அந்த விதி. அதை அதிகமாகப் பரப்பியவர் ரேதியான் என்ற ஆயுத நிறுவனத்தின் தலைவராக இருந்த வில்லியம் ஸ்வான்சன். நிர்வாகத்துக்கான விதிகள் என்று ஒரு சிறு புத்தகம் போட்டு, அதில் இதையும் சேர்த்து ஊரெல்லாம் கொடுத்தார். 2006-ல் பார்த்தால், அந்த விதிகளில் பாதிக்குப் பக்கம் 1944-ல் வந்த ஒரு பழைய பொறியியல் நூலிலிருந்து அப்படியே எடுத்தவை என்று வெளியே வந்தது. சர்வர் விதியும் அவருக்கு முன்பே ஒரு நகைச்சுவை எழுத்தாளர் சொன்னதுதான். கம்பெனியின் இயக்குநர் குழு அவருடைய சம்பள உயர்வை நிறுத்தியது, பங்காகக் கொடுப்பதையும் குறைத்தது.

இதனால் விதி பொய்யாகிவிடாது. அவர் சர்வர்களிடம் நிஜமாகவே அன்பாக இருந்திருக்கலாம். ஆனால் சர்வரிடம் நன்றாக நடக்கிற ஒருவர் வேறொருவரின் உழைப்பைத் தன் பெயரில் போட்டுக்கொள்ளவும் முடிகிறது. ஒரு இடத்தில் தேறியவன் எல்லா இடத்திலும் தேறுவான் என்று அண்ணன் நம்புகிறாரே, அதுதான் எனக்கு ஒப்பவில்லை.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. இந்த விதி எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பெண் வீட்டார் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது எந்தப் பையன் சர்வரைத் திட்டுவான்? அந்த நேரத்தில் "கொஞ்சம் சாம்பார் ஊற்றுங்கள் ஐயா" என்று சொல்கிறவனைத்தான் நான் இரண்டாவது தடவை பார்ப்பேன். நீங்கள் பார்த்த பையன் வழக்கமாகப் பேசுகிறபடி பேசியிருக்கிறான்.

நவம்பர் 11

இங்கே பதில் எழுதுகிறவர்களில் யாராவது பஸ்ஸைப் பற்றிச் சொல்வார்கள் என்று பார்த்தேன், யாரும் சொல்லவில்லை.

சென்னை பஸ்ஸில் கண்டக்டர் பின்பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருப்பார், முன்னால் ஏறினவர் காசை நீட்டி "ஒரு பெரம்பூர், கொஞ்சம் பாஸ் பண்ணுங்க" என்பார். அது கை மாறி, கை மாறிப் பின்னால் போகும், டிக்கெட்டும் மீதிச் சில்லறையும் அதே வழியில் திரும்பி வரும். நூறு ரூபாய் நோட்டு முன்பின் தெரியாத அத்தனை பேர் கையில் போய்விட்டு ஒரு ரூபாய் குறையாமல் வந்து சேர்கிறது. 29சி-யில் நிற்க இடமில்லாமல் தொங்குகிற நேரத்திலும் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் அடுத்தவர் காசை வாங்கிக் கொடுக்கிறார்கள். எரிச்சலோடுதான் வாங்குவார்கள், முணுமுணுப்பார்கள், ஆனால் கொடுப்பார்கள். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பஸ்ஸில் பெண்களுக்குக் காசு கிடையாது, ஆனாலும் இலவச டிக்கெட் வாங்க வேண்டும் என்பதால் "ஒரு லேடீஸ்" என்று குரல் மட்டும் பின்னால் போகிறது, டிக்கெட் கை மாறி வருகிறது.

அதே ஆண்டு பிப்ரவரியில் விம்கோ நகர் வரைக்கும் மெட்ரோ வந்தது. நான் அதில்தான் இப்போது அதிகம் போகிறேன், சுத்தமாக இருக்கிறது, வேகமாக இருக்கிறது. அதில் யாரும் யாருக்கும் எதையும் கொடுக்க வேண்டியதில்லை. பஸ்ஸில் வந்த அதே ஆள்தான் மெட்ரோவிலும் வருகிறார், பஸ்ஸில் நல்லவராகத் தெரிந்தவர் இங்கே சும்மா நிற்கிறார். அவர் குணம் மாறவில்லை, காட்டுவதற்கு இடம்தான் இல்லை. ஹோட்டலில் ஒரு மணி நேரம் பார்த்து ஆளைச் சொல்ல முடியாது என்று நான் நினைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நவம்பர் 14, இரவு

உங்கள் அண்ணன் பக்கம் பேசுகிற ஒருவர் கடையிலேயே வந்து பிடித்துக்கொண்டார். "அப்படிப் பார்த்தா யாரையும் எதுவும் சொல்ல முடியாதேக்கா, நல்ல மனுசன்னா எந்த நேரத்துலயும் நல்லபடியா நடக்கணும் இல்ல?" என்று கேட்டார். கேட்ட நேரம் இரவு எட்டு, ஆஸ்பத்திரியிலிருந்து வருகிற கூட்டம், எனக்குப் பதில் சொல்ல நேரமில்லை. இப்போது சொல்கிறேன்.

1973-ல் டார்லி, பேட்சன் என்ற இரண்டு உளவியலாளர்கள் அமெரிக்காவில் பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரி மாணவர்களை வைத்து ஒரு ஆராய்ச்சி வெளியிட்டார்கள். எல்லோரும் பாதிரியார் படிப்புப் படிக்கிறவர்கள். பக்கத்துக் கட்டடத்துக்குப் போய்ப் பேச வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். சிலருக்குத் தலைப்பு, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் கதை. போகிற வழியில் ஒரு ஆளை வாசற்படி ஓரம் சுருண்டு உட்கார்ந்து இருமி முனக வைத்திருந்தார்கள். நேரம் நிறைய இருக்கிறது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 63 சதவீதம் பேர் நின்று உதவினார்கள். நேரமாகிவிட்டது, ஓடு என்று அனுப்பப்பட்டவர்களில் 10 சதவீதம் பேர். சமாரியன் கதையைப் பேசப் போகிறார்களா வேறு எதையாவது பேசப் போகிறார்களா என்பது பெரிய வித்தியாசம் எதையும் செய்யவில்லை. சமாரியன் கதையை மனதில் ஓட்டிக்கொண்டே அந்த ஆளைத் தாண்டிப் போனவர்கள் இருந்தார்கள்.

கவுண்டரில் நிற்கிற எனக்கு இது புதிதாகப் படவில்லை. மதியம் மூன்று மணிக்கு வரும்போது "சாப்டியாமா" என்று கேட்கிற அதே மனிதர் ராத்திரி ஒன்பது மணிக்குச் சீட்டை வீசுவார். நைட் ஷிஃப்ட் முடிந்து மணலியிலிருந்து வருகிறவர், எண்ணூர் ரோட்டில் கண்டெய்னர் வரிசையில் மாட்டி இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருகிறவர், இவர்களிடம் அந்த நேரத்தில் தெரிவது குணமில்லை, களைப்பு. உட்கார்ந்து வேலை பார்த்துவிட்டுக் காரில் வீட்டுக்குப் போகிறவருக்கு இதமாகப் பேச நாள் முழுக்க வசதி இருக்கிறது. அவரையும் இவரையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்தால் எப்போதும் அவர்தான் நல்லவராகத் தெரிவார்.

பையன் ஷிஃப்ட் வேலை என்று எழுதியிருந்தீர்கள். ஹோட்டலுக்கு வந்தபோது எந்த ஷிஃப்ட் முடித்துவிட்டு வந்தான் என்று கேட்டீர்களா?

நவம்பர் 15

நேற்று எழுதியதைத் திரும்பப் படித்தேன். அதை அப்படியே விட்டால் எல்லாப் பழியையும் களைப்பின் மேல் போட்டதாகிவிடும், அது என் எண்ணம் இல்லை. ஓடு என்று அனுப்பப்பட்டவர்களிலும் 10 சதவீதம் பேர் நின்றார்களே. அவர்களுக்கும் அதே அவசரம்தான்.

அப்புறம் இன்னொன்று. அந்த ஆராய்ச்சி தாண்டிப் போனவர்கள் மறுநாள் என்ன செய்தார்கள் என்று கேட்கவில்லை. நான் மறுநாளைத்தான் பார்க்கிறேன். ஒரு ஆள் சில்லறைக்காகக் கடை வாசலில் நின்று பெரிய சத்தம் போட்டார், நாலு பேர் கூடிவிட்டார்கள். மறுநாள் காலையில் கடை திறக்கும்போது வந்து நின்றார். "நேத்து கத்திட்டேன்மா, பையனுக்கு ஃபிட்ஸ் வந்து உள்ள படுக்க வச்சிருந்தாங்க, மனசுல எதுவும் வச்சிக்காத" என்றார். அவருக்கு அந்தக் காலையில் என்னிடம் எந்த வேலையும் இல்லை, மருந்து எதுவும் வாங்கவில்லை, அதைச் சொல்வதற்காகவே வந்திருந்தார். இன்னொருவர் அதே மாதிரிதான் கத்துவார், மறுநாள் எதுவுமே நடக்காத மாதிரி வந்து "என்னா மேடம், எப்படி இருக்கீங்க" என்று சிரிப்பார். களைப்பு இரண்டு பேருக்கும் ஒன்றுதான். கல்யாணம் என்பது மறுநாட்கள்தானே அம்மா. கோபம் வராத பையனைத் தேடினால் கிடைக்க மாட்டான், கோபம் தணிந்த பிறகு என்ன செய்கிறான் என்று தெரிந்துகொள்ள முடியும்.

நவம்பர் 16, ஞாயிறு

இன்று கடை அரை நாள். இதை எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன், இங்கே பொருந்துகிறது.

சர்க்கரை நோய்க்கு வீட்டிலேயே இன்சுலின் போட்டுக்கொள்கிறவர்கள் நிறையப் பேர் என்னிடம் ஊசி வாங்குகிறார்கள். போட்டு முடித்த ஊசியை என்ன செய்கிறீர்கள் என்று கேட்பேன். பெரும்பாலும் "குப்பையிலதான்" என்பார்கள். வெறும் ஊசியை மெல்லிய கவரில் போட்டு, காய்கறித் தோலோடு கட்டி வைத்தால் காலையில் வண்டியோடு வருகிறவர் கையில் குத்தும். அங்கே தப்பித்தால் கொடுங்கையூரில் பொறுக்குகிறவர் கையில் குத்தும். வட சென்னைக் குப்பை பெரும்பாலும் கொடுங்கையூர் கிடங்குக்குத்தான் போகிறது. நாம் போடுகிற ஊசி நம் பக்கத்து ஊர்க்காரர் கைக்குத்தான் போகிறது என்பதை நினைத்துப் பாருங்கள். நாப்கின், டயபரைச் சுற்றித்தான் போட வேண்டும் என்று 2016-ல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகளே சொல்லிவிட்டன. எத்தனை பேர் சுற்றுகிறோம்?

ஊசிக்கு நான் சொல்வது இதுதான். கெட்டியான பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், போட்டதும் அதில் போடுங்கள், மூடியை இறுக்குங்கள், நிறைந்ததும் மேலே 'ஊசி' என்று பெரிதாக எழுதி, குப்பை வண்டியோடு வருகிறவர் கையில் தனியாகக் கொடுத்துச் சொல்லுங்கள். உடைந்த கண்ணாடியையும் கெட்டிப் பேப்பரில் சுற்றி இதே மாதிரி கொடுக்கலாம். ஒரு பெரியவர் இதைக் கேட்டுவிட்டு, அன்றிலிருந்து பாட்டிலின் மூடிக்கு மேல் டேப்பும் ஒட்டுகிறார். குத்துப்படாமல் தப்பித்த ஆள் தப்பித்தோம் என்றுகூடத் தெரிந்துகொள்ளப் போவதில்லை. பெரியவருக்கு இதில் என்ன வந்தது? ஆனாலும் ஒட்டுகிறார்.

கொருக்குப்பேட்டையில் நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது தெருவில் ஒரு அடிபம்பு. வாஷர் தேய்ந்துபோய், மேலே ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினால்தான் ஏறும். கடைசியாக அடிக்கிறவர் ஒரு சொம்பு பிடித்து ஓரமாக வைத்துவிட்டுப் போவது தெருப் பழக்கம். வைக்காமல் போனால் அடுத்து வருகிறவள் எங்கேயோ போய்த் தண்ணீர் கடன் வாங்கி வர வேண்டும். வைக்காமல் போவது யார் என்று தெருவுக்கே தெரியும், அதற்கு யாரும் காவல் இருக்கவில்லை.

நவம்பர் 16, இரவு

மதியம் எழுதியதோடு இதையும் சேர்த்துப் படியுங்கள். மரியாதை கொடுத்தால் போதும் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலத் தூய்மைப் பணியாளர்கள், வேலையைத் தனியாரிடம் கொடுக்காதே என்று மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை வாசலில் இரவும் பகலும் உட்கார்ந்தார்கள். தினமும் அவர்களுக்கு டீ கொடுத்து, அக்கா என்று கூப்பிட்டு, தீபாவளிக்குப் புடவையும் கொடுக்கிற வீடுகளில் சிலர், "இவங்களுக்கு எதுக்கு இவ்வளவு" என்று என் கடை வாசலிலேயே பேசினார்கள். டீ கொடுத்தது பொய்யில்லை. ஆனால் டீ கொடுப்பதில் ஒரு சுகம் இருக்கிறது, உரிமை கேட்டு அவர்கள் நிமிர்ந்து நிற்கும்போது அந்தச் சுகம் நமக்குப் போய்விடுகிறது.

1918 ஏப்ரல் 27-ல் பெரம்பூர் மில் தொழிலாளர்களை வைத்துச் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது, இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். பி.பி.வாடியா தலைவர், திரு.வி.க.வும் உடன் நின்றவர். அன்றைக்கு அவர்கள் சொன்ன குறைகளில் கூலியும் இருந்தது, சாப்பிட நேரம் போதவில்லை என்பதும் இருந்தது, மேலே இருப்பவர்கள் நடத்துகிற விதமும் இருந்தது. மூன்றையும் சேர்த்துத்தான் கேட்டார்கள். நாமும் பிரிக்க வேண்டாம்.

வீட்டு வேலைக்கு வருகிற அக்காவுக்கு எந்த டம்ளரில் தண்ணீர் கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். வாங்க போங்க என்று வாய் நிறையப் பேசுகிற வீட்டில் தனி டம்ளர் ஜன்னல் ஓரமாக இருக்கும். பையன் வீட்டுக்குப் போகும்போது சமையல்கட்டுப் பக்கம் ஒரு கண் வையுங்கள், உங்கள் வீட்டிலும்தான்.

நவம்பர் 19

ரயில்வே கேட். கொருக்குப்பேட்டை கேட் மூடியிருக்கும்போது பைக்குகள் எதிர்ப்பக்கத்து ரோட்டையும் அடைத்துக்கொண்டு நிற்கும். கேட் திறந்தால் இரண்டு பக்கமும் முட்டிக்கொண்டு யாரும் நகர முடியாது, நடுவில் ஆம்புலன்ஸ் நின்றாலும் அதே கதிதான். இடது பக்கமாகவே வண்டியை நிறுத்திக் காத்திருக்கிற சில பேர் உண்டு. பின்னால் இருந்து ஹாரன் அடிப்பார்கள், திட்டுவார்கள், அவர்களை முட்டாள் என்று நினைப்பார்கள். அவர்கள் நகர மாட்டார்கள். மாப்பிள்ளையோடு ஒரு நாள் பைக்கில் அந்தப் பக்கம் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள் அண்ணனை.

நவம்பர் 22

கொளத்தூர் அம்மா பதில் எழுதியிருக்கிறார். அன்றைக்குப் பையன் நைட் ஷிஃப்ட் முடித்து, தூங்காமல்தான் வந்தானாம். சர்வர் முகத்தை அவர் கவனிக்கவில்லை, மகள் கவனித்திருக்கிறாள். சர்வர் சிரித்துக்கொண்டே ஊற்றினாராம். எழுந்து போகும்போது பையன் தண்ணீர் கொட்டிய இடத்தை நாப்கினால் துடைத்துவிட்டுப் போனானாம், பின்னால் வருகிறவர் வழுக்கி விழக் கூடாது என்று. இதைப் பெரியவர்கள் யாரும் பார்க்கவில்லை. அண்ணன் இன்னும் முழுசாக ஒப்பவில்லை, தண்டையார்பேட்டையில் அக்கம்பக்கம் விசாரித்துவிட்டுத்தான் மேலே பேச வேண்டும் என்கிறார்.

விசாரிக்கட்டும். மருந்துக் கடைக்குத்தான் முதலில் வருவார்கள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும், என்னிடமே எத்தனையோ குடும்பம் வந்திருக்கிறது. குடிப்பானா, கடன் உண்டா என்று ஆரம்பித்து, கடைசியில் குரலைத் தாழ்த்தி "வழக்கமா ஏதாச்சும் மாத்திரை வாங்குறானா" என்று கேட்பார்கள். அதற்கு நான் பதில் சொன்னதே இல்லை. ஒருவர் என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பது அவரும் நானும் அவருடைய டாக்டரும் தவிர யாருக்கும் தெரியக் கூடாதது. "பொண்ணு வாழ்க்கைமா" என்று கெஞ்சுவார்கள், சில பேர் கோபித்துக்கொள்வார்கள். உடம்பைப் பற்றித் தெரிய வேண்டுமானால் பையனிடமே நேராகக் கேளுங்கள், அவனும் உங்கள் பெண்ணிடம் கேட்கட்டும், இரண்டு பேரும் உட்கார்ந்து பேசிக்கொள்ளட்டும் என்று சொல்லி அனுப்பிவிடுவேன். ஒரு தடவை விசாரிக்க வந்த பெரிய மனிதர் ஒருவர், காய்ச்சலில் நடுங்கிக்கொண்டு நின்ற கிழவரைக் கையால் ஒதுக்கிவிட்டு முன்னால் வந்து, "பையன் குணம் எப்படி" என்று கேட்டார். கிழவருக்கு மருந்து கொடுத்து முடிக்கிற வரைக்கும் அவரை நிற்க வைத்தேன்.

நவம்பர் 23

ஒன்று எழுதாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது.

இங்கே எல்லோரும் பையனுக்குச் சோதனை வைப்பதைப் பற்றியே பேசினோம். பெண்ணுக்கு இந்தச் சோதனை பிறந்ததிலிருந்து நடக்கிறது. காபி டம்ளரை எப்படி நீட்டினாள், பெரியவர்கள் வந்ததும் எழுந்தாளா, குனிந்து கும்பிட்டாளா, சத்தமாகச் சிரித்தாளா. பையன் ஒரு நாள் ஒரு வார்த்தை சொன்னதற்கு நாம் இவ்வளவு யோசிக்கிறோம், தூக்கம் போதவில்லையோ என்று காரணம் தேடுகிறோம். அதே ஹோட்டலில் அதே சாம்பாரை உங்கள் மகள் "ஊத்து" என்று கேட்டிருந்தால் பையன் வீட்டில் அவளுக்கு இத்தனை காரணம் தேடியிருப்பார்களா? அவள் நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு வந்திருந்தாலும் காபி கொண்டுவரச் சொல்லியிருப்பார்கள்.

அதனால் பையன் வீட்டார் உங்கள் மகளை எப்படிப் பார்த்தார்கள் என்றும் யோசியுங்கள். அவள் பேசும்போது பேச்சை முடிக்க விட்டார்களா? அவளுடைய வேலையைப் பற்றி யாராவது ஒரு கேள்வியாவது கேட்டார்களா? பையனுடைய அம்மா சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் மற்றவர்கள் உட்கார்ந்திருந்தார்களா, அல்லது அவர் பாதியில் இருக்கும்போதே கை கழுவப் போய்விட்டார்களா? அந்த வீட்டில் உங்கள் மகள் எப்படி இருப்பாள் என்பதைச் சர்வரை விட அந்த அம்மாவை வைத்துத்தான் அதிகம் தெரிந்துகொள்ள முடியும்.

நவம்பர் 24

அண்ணன் விசாரிக்கப் போகிற நாளைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம். காலையில் பாதித் தெரு காசிமேட்டுக்கு மீன் வாங்கப் போயிருக்கும், மீதிப் பாதி சமைத்துக்கொண்டிருக்கும், யாரும் நின்று பேச மாட்டார்கள். வேலை நாளில் போகச் சொல்லுங்கள். இஸ்திரி போடுகிறவரிடம் கேட்கலாம், தண்ணீர் கேன் போடுகிற பையனிடம் கேட்கலாம், பையன் வீட்டு மாடிக்குக் கேனைத் தூக்கிப் போகிறவன் அவன்தான், கதவைத் திறந்து யார் வாங்கி வைக்கிறார்கள் என்று அவனுக்குத்தான் தெரியும். குடிப்பானா என்று மட்டும் கேட்டுவிட்டு வந்துவிட வேண்டாம். யாருக்காவது கோபமாக ஏதாவது சொல்லிவிட்டு அப்புறம் வந்து பேசியிருக்கிறானா என்று கேட்கச் சொல்லுங்கள். கேட்கிற நேரத்தில் கடையில் ஆள் நின்றால் அவருக்கு வழிவிட்டு ஓரமாக நிற்கச் சொல்லுங்கள். மருந்துக் கடைக்குப் போவதென்றால் மாலை ஏழு மணிக்கு மேல் போக வேண்டாம், கூட்டம் தாங்காது, மதியம் மூன்று மணிக்குப் போகலாம். மாத்திரையைப் பற்றிக் கேட்க வேண்டாம்.